காலி என்று நான் எழுதிய ஷெட்

நான் வேலை பார்த்த அலுவலகத்தின் பெயர் வேண்டாம். ஓசூர்ப் பக்கம், கர்நாடக எல்லைக்கு இந்தப்புறம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பூட்டிக் கிடக்கும் கம்பெனிக் கட்டடங்களை, வேலைக்குப் போகும் பெண்களுக்கான விடுதியாக மாற்ற நிதி கேட்டு நாங்கள் அனுப்பிய கோப்பு இரண்டு தடவை திரும்பி வந்தது. "போதிய டேட்டா இல்லை" என்று குறிப்பு. சர்வே பிரிவில் நான் சீனியர். மூன்றாவது தடவை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

1. மீட்டர்

ஒரு கட்டடம் காலி என்பதற்கு என்ன ஆதாரம்? பூட்டைக் காட்டினால் மேலே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஈ.பி. ரீடிங் பட்டியலை வாங்கினேன். ஒரு வருடமாக ரீடிங் ஏறாத கட்டடம் காலி. இது என் யோசனை. சாமல்பட்டியிலிருந்தும் பர்கூரிலிருந்தும் கம்பெனி பஸ்ஸில் தூங்கி வழிந்துகொண்டு வரும் பெண்களை நிறுத்தம் நிறுத்தமாக எண்ணினோம். இரண்டையும் ஒரே மேப்பில் போட்டோம்.

எங்கள் பொறியாளர் பார்த்துவிட்டு, "யோவ், இத்தன வருசமா இந்த மூளைய எங்கய்யா வச்சிருந்த?" என்றார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

2. ரத்னம்மா

நேரில் சரிபார்க்கப் போனேன். பட்டியலில் முதலில் இருந்த, பெரிய ஸ்பேர் பார்ட்ஸ் ஷெட்டின் செக்யூரிட்டி ரூம் கதவைத் திறந்தது ஒரு அம்மாள். பெயர் ரத்னம்மா. அந்தக் கம்பெனியில் கூட்டிப் பெருக்கியவர். மூடும்போது, பார்த்துக்கொள்ளச் சொல்லிச் சாவியைக் கொடுத்த முதலாளி பிறகு வரவே இல்லை. உள்ளே அவர் கணவர் பக்கவாதத்தில் படுத்திருந்தார். கரண்ட் கட்டாகி வெகுநாள் ஆகிவிட்டது. பெட்டிக்கடையில் சார்ஜ் போட்டு வாங்கிவரும் லைட்டுதான் வெளிச்சம். மீட்டர் எப்படி ஏறும்?

"எங்க பேரையும் எழுதிக்கோங்க சார். நாளைக்கு இங்க எதுனா கட்டுனாக்கா எங்களுக்கும் ஒரு ரூமு குடுப்பாங்க இல்ல?" என்றார்.

எழுதினேன். 'ஒரு குடும்பம் வசிக்கிறது' என்று குறிப்புக் கட்டத்தில் போட்டேன்.

பொறியாளர் அதைப் படித்துவிட்டுத் தலையில் கை வைத்தார். "ஆளு இருக்குதுன்னு போட்டா, தகராறு சொத்துன்னு மறுபடியும் திருப்பிடுவாங்க. இந்த ஷெட்டு இல்லன்னா மொத்த திட்டமும் போச்சு. அந்த வரிய எடுத்துடு. ஃபண்டு வரட்டும், அந்தம்மாவுக்கு நானே முன்ன நின்னு பண்றேன்."

அவர் கெட்டவர் இல்லை. நானும் இல்லை என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். வரியை அழித்துவிட்டு 'காலி' என்று போட்டுக் கையெழுத்திட்டேன்.

3. திருத்தம்

நிதி வந்தது. பொறியாளர் மாற்றலாகிப் போனார். இடத்தை விட்டு வெளியேற்றப்படுகிறவர்களுக்கு வேறு வீடு தரலாம் என்று திட்டத்தில் இருந்தது. ரத்னம்மாவுக்காக நானே மனு எழுதி, வீடு ஒதுக்கும் பிரிவுக்கு எடுத்துப் போனேன். அங்கிருந்த பெண் அதிகாரி கோப்பைப் புரட்டினார்.

"அந்த ஷெட்டுல யாருமே இல்லன்னு சர்வே இருக்கே சார்."

"அது தப்பும்மா."

"அப்ப தப்பா போட்டேன்னு எழுத்துல குடுங்க. நான் சேத்துடறேன்."

எனக்கு ரிடையர் ஆக ஐந்து மாதம் இருந்தது. அப்படி எழுதிக் கொடுத்து, விசாரணையில் தெரிந்தே எழுதிய பொய் என்று வெளியே வந்தால் பென்ஷன் என்னாகும்? யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்தேன். திரும்பிப் போகவில்லை.

அவர்கள் கிளம்பிய அன்று மட்டும் போனேன். கணவரைக் கட்டிலோடு தூக்கிக் குட்டியானை வேனில் ஏற்றியிருந்தார்கள். ஆனேக்கல் பக்கம் தங்கை வீட்டுக்குப் போகிறார்களாம். என் முகத்தைப் பார்த்து ரத்னம்மாவே ஆறுதல் சொன்னார்.

"நீங்க இன்னா பண்ணுவீங்க சார். எங்க பேர எழுதிக்கினு போன ஒரே ஆளு நீங்கதான். மேல இருக்கறவன் எவனோ அழிச்சிட்டான்."

வண்டியின் பின்கதவைச் சாத்திக் கொடுத்தேன்.

விடுதி இன்று நன்றாக நடக்கிறது. பெண்கள் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். அதில் எனக்குக் குறை இல்லை. சர்வேக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். கதவைத் திறந்தவர் பெயரை அழிக்காதீர்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சை நம்பாதீர்கள், உங்கள் வாயிலிருந்தே வந்தாலும்.

அழித்தவன் நான்தான் என்று ரத்னம்மாவிடம் சொல்ல இரண்டு தடவை ஆனேக்கலுக்குப் பஸ் ஏறினேன். இரண்டு தடவையும் பாதி வழியில், அத்திப்பள்ளியில் இறங்கித் திரும்பிவிட்டேன்.