முதல் கேள்வியைத் தாண்டாத பெண்

செஞ்சிக் கடைத்தெருவில் ஒரு பாத்திரக் கடையின் மாடியில் நான் டியூஷன் எடுக்கிறேன். பிளஸ் டூ இயற்பியல். நீட் எழுதுகிற பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாப் பாடத்துக்கும் சேர்த்து மாதிரித் தேர்வு. கீழே அண்டாவையும் குடத்தையும் தட்டிக் காட்டி வியாபாரம் நடக்கும். மேலே நான் கத்திக்கொண்டிருப்பேன். எனக்குக் குரல் பெரிது. பொறுமை கிடையாது, இருப்பதாக யாரிடமும் சொல்லிக்கொண்டதும் இல்லை. ஒரே தப்பை மூன்றாம் முறை செய்கிற பிள்ளையிடம், கோட்டைக் குரங்குக்குப் பாடம் எடுத்திருந்தால் அது இந்நேரம் டாக்டராகியிருக்கும் என்று வாய் கூசாமல் சொல்லிவிடுவேன். அப்படியும் வருகிறார்கள். அவலூர்பேட்டையிலிருந்து பஸ் ஏறி வருகிறவர்களும் உண்டு.

அந்தப் பெண்ணை அவளுடைய அப்பாதான் கூட்டிக்கொண்டு வந்தார். இதே கடைத்தெருவில் அரிசி, பருப்புக் கடை வைத்திருப்பவர். என் வீட்டு மாதச் சாமானும் அங்கேதான். பெண் அரசுப் பள்ளியில் படித்தாள். சாயங்காலங்களில் கடைக் கல்லாவில் உட்காருவாள். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தனி ஒதுக்கீடு இருப்பதால் அவளுக்கு நிஜமாகவே வாய்ப்பிருந்தது. அவளுக்கு வேண்டியதும் அது ஒன்றுதான். அப்பா மாடியேறி வந்த மூச்சு இறங்குவதற்கு முன்பே நிபந்தனையைச் சொல்லிவிட்டார். ஒரு தடவை எழுதலாம். கிடைத்தால் டாக்டர். கிடைக்காவிட்டால் பி.காம்., அப்புறம் கடை. இன்னொரு வருடம் வீட்டில் உட்கார்ந்து படிக்கிற கதையே கிடையாது. அவள் பக்கத்தில் நின்று தலையாட்டினாள். பேரம் படிந்துவிட்டது.

படிப்பில் அவள் கெட்டிக்காரி. ஒரு முறை சொன்னால் போதும், இரண்டாம் முறை சொல்ல விடமாட்டாள். அப்படிப்பட்டவள் ஞாயிற்றுக்கிழமைத் தேர்வில் மட்டும் ஒரு வாரம் எல்லோருக்கும் மேலே நிற்பாள், மறுவாரம் கடைசி வரிசைப் பையன்களோடு கீழே கிடப்பாள். எழுதியதில் தப்பிருக்காது. எழுதாமல் விட்டதுதான் பக்கம் பக்கமாக இருக்கும். முதலில் மெதுவாக எழுதுகிற பெண் என்று நினைத்தேன். கல்லாவில் அவள் வேகத்தைப் பார்த்திருந்த எனக்கு அந்த நினைப்பு நிலைக்கவில்லை. பில் போட்டு, சில்லறை கொடுத்து, அடுத்த ஆளைக் கூப்பிட அவளுக்கு ஒரு கொட்டாவி நேரம்கூட ஆகாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தேர்வு நடக்கும்போது வரிசைக்கு நடுவில் நடந்துகொண்டிருந்தேன். மற்ற பிள்ளைகள் இரண்டு பக்கம் தாண்டியிருந்தார்கள். இவள் முதல் பக்கத்திலேயே இருந்தாள். குனிந்து பார்த்தேன். முதல் கேள்வி. பரிமாண வாய்ப்பாட்டில் கொஞ்சம் சுற்றி வளைத்துக் கேட்டிருந்தேன். அதையே எழுதுகிறாள், அடிக்கிறாள், மறுபடி எழுதுகிறாள். அடுத்த கேள்வியைக் கண் ஏறிட்டுப் பார்க்கவில்லை. அன்று வீட்டுக்குப் போய்ப் பழைய வினாத்தாள்களை எடுத்துப் பார்த்தேன். முதல் கேள்வி சுலபமாக இருந்த வாரங்களில் இவள் முதலிடம். கடினமாக இருந்த வாரங்களில் அதோகதி. வேறு ஒரு மண்ணும் இல்லை.

மறுநாள் தனியாக நிறுத்திக் கேட்டேன். ஏன் அடுத்ததற்குப் போகவில்லை? தெரியாததை விட்டுவிட்டுப் போ, கடைசியில் வந்து பார் என்று எத்தனை முறை கத்தியிருக்கிறேன்? சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"மொத கேள்விய வெறுங்கையோட அனுப்பிட்டா, அப்புறம் எதுவும் ஓடமாட்டேங்குது மிஸ். போணி ஆகணும்ல."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடைத்தெருவின் மேல் உட்கார்ந்து பாடம் நடத்துகிறவள் நான். போணி என்றால் என்னவென்று எனக்குத் தெரியாதா? காலையில் கடைக்கு வருகிற முதல் ஆள் வாங்காமல் திரும்பக் கூடாது. அவரிடம் இல்லை என்று சொல்லக் கூடாது. விலை குறைத்துக் கேட்டால் அசலுக்கே கொடுத்தாவது அனுப்ப வேண்டும். அவர் வெறுங்கையோடு இறங்கிப் போனால் அன்றைய வியாபாரம் படுத்துவிடும் என்பது இவர்கள் நம்பிக்கை. கால்படி உளுந்துக்கு அது சரி. நீட் வினாத்தாளுக்கும் அதையே பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால்? கையிலிருந்த சாக்பீஸ் இரண்டாக உடைந்தது. வினாத்தாள் உன் நைனா கடை இல்லை என்றேன். தெரியும் மிஸ் என்றாள். தெரிந்தால் போதாது என்றேன். அதற்கும் தலையாட்டினாள்.

உயிரியலிலிருந்து ஆரம்பி என்று சொல்லிப் பார்த்தேன். நிறையப் பிள்ளைகள் அப்படித்தான் செய்கிறார்கள். உயிரியலின் முதல் கேள்வியில் போய் உட்கார்ந்துகொண்டாள். கடைசிக் கேள்வியிலிருந்து மேலே வா என்றேன். கடைசிக் கேள்வியில் சிக்கிக்கொண்டாள். எங்கே தொட்டாலும் அதுதான் அவளுக்கு முதல் ஆள். வேண்டுமென்றே ஒரு வாரம் விடையே இல்லாத கேள்வியை முதலில் வைத்தேன். வேறு வழியில்லாமல் தாண்டிப் போவாள், ஒருமுறை தாண்டினால் பழகிவிடும் என்று கணக்கு. மற்றவர்கள் சரசரவென்று கடந்து போனார்கள். இவள் பெல் அடிக்கும்வரை அதிலேயே இருந்தாள். விடைத்தாள் வெள்ளை வெளேரென்று வந்தது. அன்று நான் திட்டிய திட்டில் கீழே பாத்திரக் கடைக்காரர் வாசலுக்கு வந்து மாடியை அண்ணாந்து பார்த்தார்.

அவள் அழவில்லை. நைனாவிடம் சொல்லாதீங்க என்று மட்டும் கேட்டாள்.

சொல்லாமல் இருக்க நான் என்ன அவளுடைய தோழியா? நேராகக் கடைக்குப் போனேன். அவர் மூட்டைமேல் உட்கார்ந்து முழுதையும் கேட்டார். மகளை அதட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ, கடைப் பிள்ளைக்கு அது கையில் ஊறிப்போனது டீச்சர், நான் சொன்னால் மட்டும் போய்விடுமா என்றார். முகத்தில் கவலை இருந்தது. அதற்கு அடியில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. இந்த மனிதரிடம் பேசுவது செவிடன் காதில் ஊதிய சங்கு என்று பருப்பை வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

வழியைக் கண்டுபிடித்தது அவள்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல் கேள்வியைப் படித்தாள், தெரியவில்லை, கொஞ்சமும் யோசிக்காமல் ஏதோ ஒரு வட்டத்தைக் கறுப்பாக்கிவிட்டு அடுத்ததற்குப் போனாள். நீட்டில் விட்டால் சுழியம். தப்பாக எழுதினால் ஒரு மதிப்பெண் போகும். தேர்வு முடிந்ததும் கேட்டேன். அசலுக்கும் கீழே கொடுத்து அனுப்பிவிட்டேன் மிஸ் என்றாள், ஒரு சின்னச் சிரிப்போடு. அன்று அவள்தான் முதலிடம்.

எனக்கு அது பிடிக்கவில்லை. தெரிந்தே ஒரு மதிப்பெண்ணைத் தூக்கி எறிவது என் புத்திக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் அரை மணி நேரத்தை இழப்பதற்கு ஒரு மதிப்பெண்ணை இழப்பது மேல். பல்லைக் கடித்துக்கொண்டு விட்டுவிட்டேன். விட்டுவிட்டேன் என்று சொல்கிறேனே தவிர, வாய் சும்மா இருக்கவில்லை. அந்த ஒரு மதிப்பெண்ணுக்குள் எத்தனை பேர் வரிசையில் நிற்பார்கள் தெரியுமா என்று வாராவாரம் ஏதாவது சொல்லிக்கொண்டுதான் இருந்தேன்.

தேர்வு விழுப்புரத்தில். அவளோடு இன்னும் சில பிள்ளைகளும் எழுதியதால் நானும் போயிருந்தேன். கேட்டருகே அவள் கம்மலையும் கொலுசையும் கழற்றி அப்பா கையில் கொடுத்தாள். அவர் அதைச் சட்டைப்பையில் போட்டு, கையால் பொத்தியபடியே சாயங்காலம்வரை புளியமரத்தடியில் நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. சாப்பிடச் சொன்னேன், பசி இல்லை என்றார். நாள் முழுக்கக் கடையை விட்டு வந்து நிற்பது அவருக்கு வழக்கமில்லை. கடையைத் தன் தம்பி ஒழுங்காகப் பார்த்துக்கொள்வானா என்று புலம்பிக்கொண்டே இருந்தார். கேட் திறந்ததும் புலம்பல் நின்றது.

அவள் வெளியே வந்தாள். எப்படி என்று கேட்டதற்குச் சுமார் மிஸ் என்றாள். மற்ற பிள்ளைகள் விடைகளைச் சொல்லி அடித்துக்கொண்டிருந்தார்கள். இவள் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து செஞ்சி வரும்வரை வாயைத் திறக்கவில்லை. களைப்பு என்று நினைத்தேன்.

முடிவு வந்தது. ஒதுக்கீட்டில் இடம் கிடைப்பதற்குப் பக்கத்தில்கூட இல்லை. மாதிரித் தேர்வில் அவள் வாங்கியதைவிட மிகவும் கீழே. எனக்கு வந்தது துக்கமா ஆத்திரமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் என்னால் வீட்டில் உட்கார முடியவில்லை. பேரம் பேரம்தான், அவளுடைய அப்பா பி.காம்.முக்கு ஏற்கெனவே ஓர் இடத்தில் சொல்லி வைத்திருந்தது ஊருக்கே தெரியும். இருந்தாலும் ஒரு முறை கேட்டுப் பார்ப்போம் என்று கடைக்குப் போனேன். யாரிடமும் கெஞ்சிப் பழக்கமில்லாதவள் நான். வழியெல்லாம் வார்த்தையைத் தேடிக்கொண்டே போனேன்.

அவள் கல்லாவில் இருந்தாள். அப்பா ஒருவருக்குத் துவரம்பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார். நான் வந்த காரியத்தைச் சொல்லத் தொடங்கியதுமே, முடிந்துபோன விஷயம் டீச்சர் என்று கையைக் காட்டி நிறுத்தினார். ஒரு தடவை என்று பேச்சு, ஒரு தடவை எழுதியாயிற்று. அப்போது கல்லாவிலிருந்து அவள் குரல் வந்தது.

"நைனா, நான் மொத கேள்விய எழுதல. விட்டுட்டேன்."

அவர் திரும்பினார். நானும்தான். அவள் எங்களைப் பார்க்காமல், கல்லா மேசையைப் பார்த்து மீதியைச் சொன்னாள். முதல் கேள்வி தெரியவில்லை. எதையாவது கறுப்பாக்கப் போனாளாம். ஒரு மதிப்பெண் போய்விடுமே, மிஸ் சொன்ன மாதிரி அந்த ஒன்றிலேயே சீட் போய்விட்டால் என்ன செய்வது என்று கை நின்றுவிட்டதாம். விட்டுவிட்டு அடுத்ததற்குப் போயிருக்கிறாள். அதற்குப் பிறகு தெரிந்த கேள்விகூடத் தெரியாதது போலவே இருந்ததாம். திரும்பத் திரும்ப அந்த வெற்று வட்டத்தையே பார்த்துக்கொண்டு இருந்தாளாம்.

நான் அவளுக்கு ஒரு வருடம் சொல்லிக்கொடுத்ததை, செய்யக் கூடாத ஒரே நாளில் அவள் செய்திருக்கிறாள்.

அவர் தராசுத் தட்டிலிருந்த பருப்பைப் பொட்டலத்தில் கொட்டி, மடித்து, வாங்க வந்தவர் கையில் கொடுத்தார். அந்த ஆள் போனதும் மகளைக் கேட்டார், எழுதவே இல்லையா, ஒரு புள்ளிகூட வைக்கவில்லையா என்று. இல்லை என்று தலையை ஆட்டினாள். அவர் துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"அப்ப அன்னிக்குப் போணியே ஆகல டீச்சர். போணி ஆகாத நாள எப்பிடி வியாபாரம் ஆன நாளுன்னு சொல்றது? நான் ஒரு தடவன்னு சொன்னது இத இல்ல. அவ இன்னும் எழுதவே இல்ல."

அவர் குரலில் விளையாட்டு இல்லை. கண்கள் மட்டும் என்னை விடவில்லை. நான் ஆமாம் என்று சொல்வதற்காக அந்த மனிதர் காத்துக்கொண்டிருந்தார். எம்.எஸ்சி. இயற்பியல் படித்தவள், மூடநம்பிக்கை என்றால் சாக்பீஸை உடைக்கிறவள், கடைத்தெரு நடுவில் நின்று சொன்னேன்:

"ஆமாங்க. அது கணக்குல வராது."

அவ்வளவுதான் பேச்சு. நாளையிலிருந்து அனுப்புகிறேன் என்றார். கல்லா முன்னால் ஓர் அம்மாள் மீதிச் சில்லறைக்காகக் கையை நீட்டியபடி நின்றுகொண்டிருந்தார். அவள் அதைக் கவனிக்கவில்லை. மேசைமேல் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். அவளுடைய அப்பா மூட்டைகளைத் தாண்டிப் போய், அவள் தலைக்கு மேலாகக் கையை விட்டுக் கல்லாவிலிருந்து சில்லறையை எடுத்து அந்த அம்மாளிடம் கொடுத்தார்.