திவாகரை என்ன செய்வது

பாடாங் செராய்க்கு வெளியே இருந்த ஒரு கித்தாத் தோட்டத்தில் ஆயாக் கொட்டகையைப் பார்த்துக்கொண்டவள் அக்னஸ். ரப்பர் மரங்களில் பால் வெட்டப் போகும் பெண்கள் விடியுமுன் பிள்ளைகளை அங்கே விட்டுப் போவார்கள். பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு மதியம் வந்து தூக்கிப் போவார்கள். தோட்ட ஆஸ்பத்திரியில் காயத்துக்கு மருந்து கட்டும் டிரஸ்ஸராக இருந்த வால்டரின் ஒரே மகள் அவள். எழுபத்தாறாம் ஆண்டில் அவளுக்கு வயது இருபத்தேழு. தாய் இல்லை. கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்பது தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும் என்பதால் யாரும் அவளிடம் கேட்பதில்லை.

மெட்ராஸிலிருந்து கப்பலில் வரும் வாரப் பத்திரிகை ஒன்று, இரண்டு மாதம் பழசாகிக் கூலிம் கடைக்கு வந்து சேரும். அதில் வந்த தொடர்கதையை அக்னஸ் கொட்டகையில் உரக்கப் படிப்பாள். பிள்ளையைத் தூக்க வந்த பெண்கள் பால் வாடை வீசும் சட்டையோடு சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து கேட்பார்கள். கதாநாயகன் திவாகர், பணக்காரன், அழகன், முன்கோபி. மனைவி சுகந்தி மேல் அவனுக்குச் சந்தேகம். அவள் தங்கைக்கு எழுதிய கடிதங்களைக் காதல் கடிதம் என்று ஊரெல்லாம் சொல்லி முச்சந்தியில் கொளுத்தினான். கொட்டும் மழையில் அவளை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினான். அந்த இடத்தில் பத்திரிகை நின்றுபோனது.

"இனிமே வராது லா" என்று கடைக்காரர் கையை விரித்துவிட்டார்.

மூன்று வாரம் பெண்கள் பொறுத்தார்கள். நான்காவது வாரம், கதை கேட்க வருபவர்களில் ஒருத்தியான மருதம்மாள் சொன்னாள்: "சுகந்தி எத்தனை நாளைக்கு மழையில நிப்பா? நீதான் படிச்ச பொண்ணு. மீதிய நீயே எழுதேன்."

அக்னஸ் சிரித்துவிட்டுப் போனாள். ஆனால் மறுநாள் பிள்ளைகள் தூங்கியதும், சேலைத் தொட்டிலை ஒரு காலால் ஆட்டிக்கொண்டே பள்ளிக்கூட நோட்டு ஒன்றைத் திறந்து எழுதத் தொடங்கினாள். சுகந்தியைக் கூட்டிப் போக ஒரு பஸ்ஸை வரவழைத்தாள். கையில் ஒரு தையல் வேலை கொடுத்தாள். கை தானாக ஓடியது. பெண்கள் கேட்டுவிட்டு, பத்திரிகைக்காரனைவிட இது நன்றாயிருக்கிறது என்றார்கள். அவர்களில் பாப்பம்மா அந்த நோட்டைக் கோலா கெத்திலில் இருந்த தன் நாத்தனாருக்கு அனுப்பிவைத்தாள். அது அங்கே நாலு வீடு சுற்றி, எண்ணெய்க் கறையோடு திரும்பி வந்தது.

சிக்கல் திவாகரை வைத்துத்தான். பாப்பம்மாவுக்கு அவன் லாரியில் அடிபட்டுச் சாக வேண்டும். மருதம்மாளுக்கு அவன் திருந்தி வந்து சுகந்தியின் காலில் விழ வேண்டும். கேட்டவர்கள் எல்லாரும் இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றார்கள். பால் நிறுக்கும் இடத்திலேயே வாக்குவாதம் நடந்தது. அக்னஸால் முடிவு செய்ய இயலவில்லை. அவனை ஊரில் அலையவிட்டு இழுத்துக்கொண்டிருந்தாள்.

அப்படி இழுத்துக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை, ஹெர்பர்ட் வந்தான்.

நான்கு வருடத்துக்கு முன் அவளுக்கு நிச்சயமானவன் அவன். மாதா கோவிலில் மூன்று ஞாயிறு வாசிக்கும் கல்யாண அறிவிப்பில் இரண்டாம் ஓலை வாசித்தாகிவிட்டது. மூன்றாம் ஓலைக்கு முந்தின வாரம், அக்னஸ் வேறொருவனுக்குக் கடிதம் எழுதுகிறாள், எனக்கு இந்தப் பெண் வேண்டாம் என்று பங்குச் சாமியாரிடம் சொல்லிவிட்டுப் பினாங்குக்குப் போனவன். பினாங்கில் வேறு பெண் இருந்ததும், அதுவும் நிலைக்காததும் பிறகுதான் தெரிந்தது. இப்போது சுங்கை பட்டாணியில் ஒரு மர ஆலையில் வேலை. மோட்டார் சைக்கிளை வாசலில் நிறுத்தி, ஒரு பை ஆப்பிளோடு உள்ளே வந்தான்.

"நான் பழைய ஆள் இல்ல அங்கிள்" என்றான் வால்டரிடம். "அக்னஸ் சம்மதிச்சா, இந்த வருஷமே கட்டிக்கிறேன்."

அக்னஸ் கதவுப் பக்கம் நின்று கேட்டாள். அவன் முன்தலை முடி கொட்டியிருந்தது. கையைப் பிசைந்துகொண்டிருந்தான். அவளுக்கு வந்தது கோபமா, பழைய ஆசையா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. தேநீர் கொடுத்தாள். உள்ளே போய்விட்டாள்.

திங்கட்கிழமை கொட்டகையில் உட்கார்ந்து ஒரே மூச்சில் திவாகரின் கண்ணைக் குருடாக்கினாள். தொழிற்சாலையில் கொதிகலன் வெடித்தது. ஆறு பக்கம். படிக்கும்போது பாப்பம்மா தொடையில் தட்டிக்கொண்டாள். "கண்ணு மட்டும் பத்தாது அக்னஸ். காலும் போகணும்!"

மருதம்மாள் பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு எழுந்து போனாள்.

மறுநாள் எல்லாருக்கும் முன்னால் வந்துவிட்டாள். இடது கன்னம் வீங்கியிருந்தது. அவள் புருஷன் குழந்தைவேலு சம்சு சாராயம் குடித்தால் கையை ஓங்குவான். அதுவும் எல்லாருக்கும் தெரிந்த கதைதான்.

"ஏன் அவன் கண்ணைக் குத்தின?" என்றாள்.

"அவன் செஞ்சதுக்கு அது வேணும்க்கா."

"யாருக்கு வேணும்? எனக்கு வேணாம்."

அக்னஸ் கொஞ்சம் தயங்கி, மனதில் இருந்ததைச் சொல்லிவிட்டாள். "அவனைத் திருத்தி எழுதினா, உங்க வீட்ல இருக்கிறவரும் ஒருநாள் திருந்துவார்னு நீங்க காத்துக்கிட்டே இருப்பீங்க. அந்தப் பாவம் எனக்கு வேணாம்க்கா."

மருதம்மாள் வீங்கிய கன்னத்தோடு சிரித்தாள். சிரிக்கும்போது வலித்திருக்க வேண்டும், கையை வைத்துக்கொண்டாள். "நான் என்ன பால்குடிப் பாப்பாவா? திவாகர் யாரு, குழந்தைவேலு யாருன்னு தெரியாதா எனக்கு? வீட்ல நடக்காததத்தானே உன்கிட்ட கேக்க வரேன். நடக்கிறதயே நீயும் எழுதினா, நான் எதுக்கு இங்க வந்து குந்தணும்? உன் கையில பேனா இருக்கு. உலகத்துல ஒருத்தனையாவது திருத்தேன்."

அன்றைக்கு அக்னஸ் அந்த ஆறு பக்கத்தையும் கிழித்தாள். கிழிக்கும்போதுதான் தெரிந்தது, வெடித்த கொதிகலனின் முன்னால் அவள் நிற்கவைத்தது முன்தலை வழுக்கை விழுந்த ஒருவனை.

சரி, திருத்துவோம் என்று உட்கார்ந்தாள். அது இன்னும் பெரிய சூசாவாக, தொல்லையாகப் போனது. திவாகர் சுகந்தியின் முன் வந்து நிற்கிறான். என்ன பேசுவான்? 'என் போதாத காலம்' என்று எழுதினாள், அடித்தாள். 'கோபத்தில் கண் மறைத்துவிட்டது' என்று எழுதினாள், அதையும் அடித்தாள். 'நீ இல்லாமல் நான் வாழ முடியாது' என்பது தனக்காகவே அவன் அழுகிற அழுகையாக இருந்தது. பத்து நாள் இப்படியே போனது. சோற்றை அடுப்பில் வைத்துவிட்டு மறந்தாள். தூங்குகிற பிள்ளையை எழுப்பிவிட்டு மறுபடி தூங்கவைத்தாள். அவள் நடையைப் பார்த்து வால்டர், "காய்ச்சலாம்மா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

அந்தப் பத்து நாளும் முடிந்த சனிக்கிழமை ஹெர்பர்ட் பதில் கேட்க வந்தபோது, அக்னஸ் நேராக முன்னறைக்கு வந்து உட்கார்ந்தாள்.

"நீங்க மன்னிப்பு கேக்க வந்திருக்கீங்க. எதுக்குன்னு சொல்லுங்க."

"பழசெல்லாம் எதுக்கு அக்னஸ்? அப்ப விவரம் தெரியாத வயசு."

"வயசு என்ன செஞ்சது? நீங்க என்ன செஞ்சீங்க?"

அவன் வால்டரைப் பார்த்தான். வால்டர் தரையைப் பார்த்தார்.

"நான் கடிதம் எழுதினேன்னு சொன்னீங்க. அது நிஜமா?"

"இல்ல."

"எனக்குத் தெரியும். என்கிட்ட சொல்லி என்ன? யார்கிட்ட பொய் சொன்னீங்களோ அவங்ககிட்ட சொல்லுங்க. கோவில்ல சொல்லுங்க."

"மானம் போயிடும் லா" என்றான் அவன், நிஜமாகவே திகைத்துப்போய்.

"ஆமா. போகும். எனக்குத் தெரியும்" என்றாள் அக்னஸ்.

அவன் எழுந்து போனான். மோட்டாரை இரண்டு தடவை உதைத்தும் கிளம்பவில்லை. தள்ளிக்கொண்டே போனான். வால்டர் இரண்டு நாள் மகளோடு பேசவில்லை. வாசல் வரை வந்த மாப்பிள்ளையை இப்படியா விரட்டுவது என்று அவருக்கு ஆற்றாமை. எட்டு ஞாயிறு போயின. ஒவ்வொரு ஞாயிறும் பூசைக்குப் போகும்போது அக்னஸ் முற்றத்தில் ஹெர்பர்ட்டைத் தேடுவாள். திரும்பும்போது, இதற்காகவா காத்திருந்தேன் என்று தன்மேலேயே எரிச்சல் வரும். கொட்டகையில் பெண்கள் கதை கேட்டு நச்சரித்தார்கள். நோட்டில் அதற்கு மேல் ஒரு வரி ஏறவில்லை.

ஒன்பதாவது ஞாயிறு அவன் வந்தான். பூசை முடிந்து ஜனங்கள் கோவில் முற்றத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். சாமியாரின் பக்கத்தில் போய் நின்று பேச ஆரம்பித்தான். குரல் பாதி வெளியே வரவில்லை. சாமியார், "சத்தமா சொல்லுப்பா" என்றார்.

"அக்னஸ் யாருக்கும் கடிதம் எழுதல. கல்யாணத்துல இருந்து தப்பிக்க நான்தான் பொய் சொன்னேன். அவங்க மேல ஒரு தப்பும் கிடையாது."

அவ்வளவுதான் சொன்னான். முன்னொரு காலத்தில் அக்னஸைப் பார்த்தால் மறுபக்கம் நடந்துபோன செலஸ்டின் அக்காள், முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டாள். யாரோ ஒரு கிழவர், "இப்ப சொல்லி என்ன?" என்றார். ஹெர்பர்ட் அதையும் நின்று கேட்டான். பிறகு அக்னஸிடம் வந்தான்.

"சொல்லிட்டேன்."

"கேட்டேன். நன்றி" என்றாள். அது மனப்பூர்வமான நன்றிதான். "ஆனா கல்யாணம் வேணாம் ஹெர்பர்ட். இதுக்கு விலையா அதைக் கேக்காதீங்க."

அவன் முகம் சுருங்கியது. சண்டை போடுவான் என்று எதிர்பார்த்தாள். தலையை ஆட்டிவிட்டு, "சரி" என்று மட்டும் சொன்னான். அந்தச் சரியைக் கேட்டபோது ஒரு கணம், ஒரே ஒரு கணம், கூப்பிட்டுவிடலாமா என்று இருந்தது. கூப்பிடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் வால்டர் சட்டையைக்கூட மாற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "உன் பெட்டியைத் தேடிப் பார்த்தேன்மா, அப்ப. நீ வேலைக்குப் போயிருந்த. கடிதம் இருக்குதான்னு" என்றார். "உன்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். கேக்கல."

ஹெர்பர்ட் சொன்ன பொய்கூட அக்னஸை இப்படி அடித்ததில்லை. இந்த மனிதர் நான்கு வருடம் அவள் கையால் சோறு வாங்கித் தின்றுகொண்டு, உள்ளே ஒரு ஓரத்தில் அதை நம்பியிருக்கிறார். அவளால் அன்றைக்கு அவரை மன்னிக்க இயலவில்லை. வெளியே போய்க் கிணற்றடியில் துவைத்த துணியையே மறுபடி துவைத்தாள். அவரை மன்னிக்க அவளுக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. எந்த நாளில் மன்னித்தாள் என்று அவளுக்கே தெரியாது. ஒருநாள் அவருக்குக் கஞ்சி ஊற்றும்போது கோபம் இல்லை என்பதைக் கவனித்தாள்.

கதையை, ஹெர்பர்ட் கோவிலில் பேசிய மறுநாளே முடித்துவிட்டாள். திவாகர், தான் கடிதங்களைக் கொளுத்திய அதே முச்சந்தியில் நின்று, தான் சொன்னது பொய் என்று சொல்கிறான். சுகந்தி கேட்கிறாள். தையல் கடை சாவி அவள் இடுப்பில் இருக்கிறது. கடை திறக்க நேரமாகிவிட்டதால் போகிறாள்.

கொட்டகையில் படித்துக் காட்டினாள். "திருந்தினவன்கூட வாழ்ந்தா என்னவாம்?" என்று எழுந்தது, எல்லாரும் ஆச்சரியப்பட, லாரியில் அடிக்கச் சொன்ன பாப்பம்மாவின் குரல்.

மருதம்மாள் வேறொன்று கேட்டாள். "சொல்லும்போது அவன் அழுதானா?"

"அழுதான்க்கா." கோவில் முற்றத்தில் ஹெர்பர்ட் அழவில்லை. அது மருதம்மாளுக்காக அக்னஸ் அந்த நிமிடத்தில் சேர்த்தது.

"அப்ப சரி" என்றாள் மருதம்மாள்.

குழந்தைவேலு திருந்தவில்லை. எண்பத்தொன்றில் மருதம்மாள் இரண்டு பெண் பிள்ளைகளோடு சுங்கை பட்டாணியில் ஒரு துணி ஆலையில் வேலைக்குச் சேர்ந்தாள். அவளுக்கு அறை பார்த்துக் கொடுத்தது, அதற்கு முந்தின வருடமே அங்கே தையல் பிரிவுக்குப் போயிருந்த அக்னஸ். ஹெர்பர்ட் மெர்போக் பக்கம் ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டான். நல்லபடியாக வைத்திருக்கிறான் என்று கேள்விப்பட்டபோது அக்னஸுக்குச் சந்தோஷமும் வந்தது, ஒரு சின்னக் கடுப்பும் வந்தது. இரண்டில் எதையும் அவள் மறைக்கவில்லை. அவள் கடைசிவரை தனியாகவே இருந்தாள்.

ஆலையின் சாப்பாட்டு நேரத்தில் அவள் புதுக் கதைகள் எழுதினாள். எல்லாவற்றிலும் ஒருவன் ஏதோ ஒரு கொடுமை செய்துவிட்டு வந்து நிற்பான். சிலரை ஏற்றுக்கொண்டாள், சிலரை அனுப்பிவிட்டாள். ஏன் அவனுக்கு அப்படி, இவனுக்கு இப்படி என்று தையல் மெஷின் பெண்கள் கேட்டால், "தெரியல லா. அவன் வாயத் திறந்து பேசட்டும், பிறகு பார்ப்போம்" என்பாள், பேனாவைத் திறந்து அடுத்த வரிக்குப் போவாள்.