அம்மா மஞ்சள் பூசிய கிரே கார்டு

என் அக்காவை ஒரே நாளில் நீலமாகவும் பச்சையாகவும் பார்த்தவன் நான். இரண்டுமே மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்புவதற்கென்று எடுத்த போட்டோக்கள். அப்போது நான் நான்காம் வகுப்பு. வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால், எல்லா விஷயத்திலும் எனக்கு ஒரு கருத்து இருந்தது.

அதற்கு ஒரு மாதம் முன்பும் ஒரு போட்டோ எடுத்திருந்தார்கள். அப்பாவோடு தேங்காய்க் களத்தில் வெயிலில் நின்று வேலை செய்த அக்காவை, ஸ்டுடியோக்காரர் கம்ப்யூட்டரில் வெளுத்து வெளுத்து மைதா மாவு மாதிரி ஆக்கிக் கொடுத்தார். அம்மாவுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. அதைப் பார்த்து வந்த வீட்டாரில் ஒரு பெரியம்மா, அக்கா நீட்டிய காபியை வாங்கிக்கொண்டே, "பொண்ணக் கூப்புடுங்க, பாத்துப்போட்டுக் கெளம்பறோம்" என்றார். நல்ல தமாஷ் என்று நான் சத்தமாகச் சிரித்தேன். என்னைத் தவிர யாரும் சிரிக்கவில்லை. அவர்கள் காபியைக் குடித்துவிட்டுப் போனவர்கள்தான்.

வேறு போட்டோ வேண்டும், திங்கட்கிழமை காலை வாங்கிக்கொள்கிறேன் என்று தரகர் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை உக்கடத்திலிருந்து பஸ் ஏறிச் சித்தப்பா வந்தார். கல்யாணங்களுக்குப் படம் எடுக்கும் ஒருவரிடம் அவர் வேலை பார்த்தார். முதலாளியின் கேமராவை ஒரு நாளைக்குக் கேட்டு வாங்கி வந்திருந்தார். பையிலிருந்து முதலில் எடுத்தது கேமராவை அல்ல. உள்ளங்கை அகலத்தில், சாம்பல் நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் அட்டை.

"இது என்ன தம்பி, சிமெண்டுக் கலருல?" என்றாள் அம்மா.

"கிரே கார்டுங்க அண்ணி. கேமராவுக்குக் கண்ணு மட்டுந்தானுங்க, புத்தி கெடையாது. கறுப்பக் கண்டா வெளுக்கப் பாக்கும், வெள்ளையக் கண்டா மங்க அடிக்கப் பாக்கும். இந்த அட்டையக் காட்டி, 'இதாம்பா நடுவாந்தரம்'னு சொல்லிப்போட்டா, அப்பறம் உள்ளது உள்ளபடி எடுக்குமுங்க."

அம்மாவுக்கு உள்ளது உள்ளபடி வேண்டும் என்ற எண்ணமே இல்லை. அது போகட்டும். கல்யாணக் காரியத்துக்கு உட்காரும் பெண்ணின் கையில் சாம்பல் நிறத்தில் ஒரு பொருளைக் கொடுப்பதா? அதுதான் அவளை அரித்தது. சித்தப்பா கை கழுவப் போன நேரத்தில், புதுப் பானைக்குப் பூசுவது போல அந்த அட்டை முழுக்க மஞ்சளைக் குழைத்துப் பூசினாள். கும்பிட்டாள். பிறகு முந்தானையால் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டாள். பார்த்தால் லேசாக ஒரு பழுப்பு, அவ்வளவுதான். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். சொன்னால் அடி விழும் என்பதால் என் கருத்தை எனக்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.

வேப்பமர நிழலில் ஸ்டூல் போட்டு அக்காவை உட்கார வைத்தார்கள். முகத்தில் அம்மாவின் கைவண்ணத்தில் அரை டப்பா பவுடர். சித்தப்பா அவள் முகத்துக்குப் பக்கத்தில் அட்டையைப் பிடிக்கச் சொல்லி, கேமராவுக்கு நடுவாந்தரத்தைச் சொல்லிக் கொடுத்தார். "சிரி கண்ணு." படம் எடுத்தார். திரையைப் பார்த்தார். இன்னொன்று எடுத்தார். முகம் வெளிறிவிட்டது, சித்தப்பாவுக்கு. அக்காவோ நீலமாக இருந்தாள்.

"மொதலாளி கேமரா போச்சுங்கண்ணா" என்று அப்பாவிடம் தழுதழுத்தார். பேட்டரியைக் கழற்றி மாட்டினார், லென்ஸைத் துடைத்தார். கடைசியில் அட்டையை எடுத்து மோந்து பார்த்தார்.

"அண்ணி, இதுக்கு மஞ்சப் பூசினீங்களா?"

"பின்ன? நல்ல காரியத்துக்கு வெறுஞ்சாம்பலையா குடுப்பாங்க?"

அட்டை மஞ்சளாக இருந்தால், மஞ்சளைத்தான் கேமரா நடுவாந்தரம் என்று நம்பும். நம்பி, எல்லாவற்றிலிருந்தும் மஞ்சளைக் கழித்துவிடும். கழித்தால் மிச்சம் நீலம். இதைச் சித்தப்பா தலையில் கை வைத்துக்கொண்டு விளக்கினார். அம்மாவும் தன் தவறைத் திருத்தத் துணி சோப்பைப் போட்டுத் தேய்த்தாள். மஞ்சளில் சோப்புப் பட்டால் சிவக்கும் என்பது இருபது வருடத்துக்கு மேலாகத் துணி துவைக்கும் அவளுக்கும் அந்த அவசரத்தில் நினைவு வரவில்லை. மேலாக அலசி எடுத்த அட்டை இளஞ்சிவப்பாக இருந்தது. பரவாயில்லை, பார்த்துவிடலாம் என்று சித்தப்பா துணிந்து எடுத்தார். அக்கா பச்சையாக வந்தாள்.

அப்பா எட்டிப் பார்த்தார். "மொதல்ல கிருஷ்ணரு, இப்ப மீனாச்சி. இன்னும் ஒருக்கா எடு தம்பி, எந்தச் சாமி வருதுன்னு பாக்கலாம்."

அக்காதான் முதலில் சிரித்தாள். ஸ்டூலிலிருந்து சரிந்து விழும்படி சிரித்தாள். அந்த ஒரு மாதத்தில் அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. கண்ணீர் வழிந்து பவுடரில் கோடு கோடாக இறங்கியது. பிறகு போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்துவிட்டாள்.

வழி சொன்னதும் அம்மாதான். "மஞ்சக் கறையை வெயிலு தின்னுபோடும்." அட்டையை நன்றாக அலசி, கொப்பரை காயும் களத்தில், கொப்பரைகளுக்கு நடுவில் வைத்தோம். காக்காய் தூக்கிப் போகாமல் பார்த்துக்கொள்ள ஆளுக்குக் கொஞ்ச நேரம் நின்றோம். சித்தப்பா பத்து நிமிடத்துக்கொரு முறை ஓடிப் போய்ப் பார்த்தார். மூன்று மணிக்கு அட்டை பழைய சாம்பல் நிறத்துக்கு வந்தது. இப்போது அதை அம்மாவுக்கு எட்டாத தூரத்தில் வைத்துக்கொண்டு, சித்தப்பா படம் எடுத்தார்.

திரையில் அக்கா இருந்தாள். களத்து வெயில் ஏறிய, அதே மாநிறத்துக்கும் கொஞ்சம் மேற்பட்ட கறுப்பு. அக்கா தன் முன்னங்கையைத் திரைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். எனக்கு ஒரே ஏமாற்றம். இதைத்தான் தினமும் பார்க்கிறோமே, நீலத்தை அனுப்பலாம் என்று சொன்னேன். யாரும் காது கொடுக்கவில்லை.

"பிரிண்டு போடறப்பக் கொஞ்சம் வெளுக்கச் சொல்லு தம்பி" என்றாள் அம்மா, மெதுவாக.

சித்தப்பா அக்காவைப் பார்த்தார்.

"வேண்டாங்கம்மா" என்றாள் அக்கா. "வந்து பாத்துட்டுப் போறதுக்கு, பாத்துட்டே வரட்டும்."

சித்தப்பா பிரிண்டு போடக் கிணத்துக்கடவுக்குக் கிளம்பினார். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து மச்சான் வீட்டார் வந்தார்கள். வந்த அன்றைக்கே பூ வைத்துவிட்டுப் போனார்கள்.

ஆனால் எனக்கு மறக்காமல் இருப்பது, சித்தப்பா கிளம்பிப் போன அந்தச் சாயங்காலம். அம்மா அக்காவை வாசலுக்கு இழுத்து வந்து, தாடையைப் பிடித்து, முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். அந்தப் பக்கம், இந்தப் பக்கம் என்று திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இத்தனை வருடம் பார்க்காதது போலப் பார்த்தாள். அக்காவும் முகத்தைக் கொடுத்துக்கொண்டு நின்றாள். முகத்தில் ஏதாவது பூச்சி கடித்திருக்குமோ என்று நானும் இடையில் தலையை நுழைத்து, எட்டி எட்டிப் பார்த்தேன்.

ஒன்றும் இல்லை. அக்காதான் இருந்தாள்.