பாதியில் நின்ற ஸலாம்

ஒரு மவ்லிது வீட்டில் நேர்ச்சைச் சோறு தீர்ந்துவிட்டது. தெரு பெருக்கும் முத்தம்மா வெறும் பையோடு திரும்பினார். மெஹபூப் பாஷா பாய் தன் பொட்டலத்தை அந்தப் பையில் போட்டுவிட்டு, "நான் உள்ளயே துன்ட்டேன்க்கா" என்றார். அவர் சாப்பிடவில்லை. பக்கத்தில் இருந்த எனக்குத் தெரியும்.

மயிலாப்பூரில் அவருக்குப் பஞ்சர் கடை. ரபீயுல் அவ்வல் மாதப் பிறை பார்த்துவிட்டால் பன்னிரண்டு நாளும் வீடு வீடாகப் போய் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் புகழான மவ்லிது பாடுவார். கிதாபு கையில் எடுக்க மாட்டார், எல்லாம் மனப்பாடம். அவர் ஒரு வரி பாடினால் பதில் வரி நான். கடைசியில் நபிக்கு வாழ்த்தான ஸலாம் ஓதும்போது எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும். முடியும்வரை யாரும் உட்காரக் கூடாது, நடுவில் பேசக் கூடாது. அதில் மட்டும் ரொம்பக் கண்டிப்பு.

போன வருஷம் ஒன்பதாம் நாள் எங்கள் வீட்டு முறை. மதியமே அடுத்த தெரு காஷிஃப், பாயின் கடைக்கு வந்து நின்றான்.

"இந்தப் பாட்டு கூத்தெல்லாம் மார்க்கத்துல இல்ல பாய். இன்னிக்குப் பாடினா வாயைப் பேத்துடுவேன்."

"உனக்குப் பேர் வெச்சப்ப உங்க வூட்ல பாடின வாய்தான் நைனா இது. வா, நேர்ச்சை துன்னுட்டு அப்பாலிக்கா பேத்துக்க."

மஃரிபு தொழுகைக்குப் பிறகு அவன் வந்தேவிட்டான். கூட மூன்று பேர், கையில் இரும்புக் குழாய். நாங்கள் ஸலாமுக்கு எழுந்து நின்றிருந்தோம். ஊதுபத்தித் தட்டை உதைத்தார்கள். ஓடப் பார்த்த என் மச்சானின் கையை முறித்தார்கள். காஷிஃப் குழாயைப் பாயின் வாயிலேயே வீசினான். ஒரு பல் என் சட்டையில் வந்து விழுந்தது. பாய் உட்காரவில்லை. ரத்தம் தாடியில் வழிய வழிய, அந்த வரியைப் பாடி முடித்தார்.

பதில் வரி என்னுடையது. நான் பீரோ ஓரம் உட்கார்ந்து தலையைப் பொத்திக்கொண்டிருந்தேன்.

பதில் வராமல் அடுத்த வரியை எடுக்க மாட்டார். என்னைப் பார்த்தபடி காத்து நின்றார். அப்போதுதான் குழாய் அவர் மண்டையில் இறங்கியது.

மறுநாள் ஆபரேஷன் நடக்கும்போதே உயிர் பிரிந்து மவுத்தாகிவிட்டார். உள்ளே தள்ளிக்கொண்டு போகுமுன் கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். தையல் போட்ட வாயால் மெல்லச் சொன்னார்:

"அழுதுக்கினு கீறியே, ஸலாம் பாதில நிக்குதுப்பா. வூட்டுக்குப் போய் எழுந்து நில்லு. உன் வரில இருந்து புடி."