பத்து நிமிஷத்தில் தூங்கிப்போன கல்யாணம்

ஒடுகத்தூரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்த காலத்தில் எனக்கு வந்த போன்களிலேயே மோசமானது, ஜமுனாமரத்தூர் சலீம் பாயிடமிருந்து வந்ததுதான்.

"சார், ஹார்ட் டிஸ்க் மவுத்தாயிட்ச்சு! முந்தாநேத்துலருந்து மூச்சே இல்ல. கல்யாண வீடியோ மொத்தமும் அதுலதான் கீது. ஒடனே வாங்க!"

அதோடு சிக்னல் போய்விட்டது.

சலீம் பாய் வாணியம்பாடிக்காரர், மலைமேல் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். எடுத்த வீடியோவையெல்லாம் ஒரே எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் போட்டு, அதைக் கம்ப்யூட்டரில் செருகியபடியே விட்டுவிடுவார். வேலை இல்லாவிட்டாலும் அது சுற்றிக்கொண்டே இருக்கும். தொட்டால் தோசைக்கல். மூன்று நாள் முன்பு போனபோது, பத்து நிமிஷம் சும்மா இருந்தால் மோட்டார் தானாக நிற்கும்படி ஒரு சின்ன புரோகிராம் போட்டேன். பாய் அப்போது தொழுகைக்குப் போயிருந்தார். பஸ் வந்துவிட்டதால் அவரிடம் சொல்லாமலே கிளம்பிவிட்டேன்.

பஸ் பாதி மலை ஏறிய பிறகுதான் உறைத்தது. அட மடையா, டிஸ்க் சாகவில்லை, தூங்குகிறது! போன் பண்ணினேன், லைன் கிடைக்கவில்லை. ஒரு கிளிக் செய்தால் எழுந்துவிடுமே, இந்த மனுஷன் ஏன் செய்யவில்லை? அதற்கும் காரணம் நான்தான். "சத்தம் மாறினா கை வைக்காதீங்க பாய், என்னைக் கூப்பிடுங்க" என்று போன வருஷம் மிரட்டி வைத்திருந்தேன்.

ஸ்டுடியோவில் டிஸ்க்கின் மேல் வெள்ளைத் துண்டு போர்த்தியிருந்தது. எதிரே அந்தக் கல்யாண வீட்டார்: பெண்ணின் அப்பா, அம்மா மல்லிகா, பட்டுப்புடவையில் பெண், இரண்டு மாலைகள். நேர்மையான மனுஷர் பாய். வீடியோ போய்விட்டது என்று அவர்கள் வீட்டுக்கே போய் ஒப்புக்கொண்டு, திரும்பத் தாலி கட்டினால் காசு வாங்காமல் எடுத்துத் தருவதாக வாக்கும் கொடுத்திருந்தார். மாப்பிள்ளை திருப்பூரிலிருந்து வந்துகொண்டிருந்தார்.

வீடியோவைக் கிளிக் செய்தேன். ஒன்றுமில்லை. இன்னொரு தடவை கிளிக் செய்தேன். பிறகு விர்ரென்று சத்தம். திரையில் தாலி கட்டிக்கொண்டிருந்தார்கள்.

பாய் "யா அல்லா!" என்று என்னைக் கட்டிக்கொண்டார். பெண்ணின் அப்பா கைதட்டினார். மல்லிகாவின் முகம் மட்டும் வாடிவிட்டது.

"இன்னாம்மா, சந்தோசம் இல்லியா?" என்றார் பாய்.

"அதுல நான் எங்க கீறேன் பாய்? அன்னிக்குப் பூரா அடுப்பாண்டயே நின்னேன். தாலி கட்றத கண்ணால பாக்கல. இந்த வாட்டியாவது பாக்கலாம்னு ஆசையா இருந்தேன்."

பாய் கேமராவைத் துடைக்க ஆரம்பித்தார்.

"மாப்ள வரட்டும்மா. எடுக்கறேன்னு சொன்னேன்ல, எடுக்கறேன்."

எடுத்தார், மல்லிகாவை முன்னால் நிறுத்தி.

இந்தத் தொழிலுக்கு வரும் தம்பிகளே, அடுத்தவர் டிஸ்க்கைத் தூங்க வைக்கும் முன் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அன்றைக்கு நான் சொல்லியிருந்தால் மல்லிகா தன் மகள் கல்யாணத்தைப் பார்த்திருக்கவே மாட்டார், அது வேறு விஷயம்.