ரோசி குரைத்த பக்கம்

என்னோடு செபமாலை சொல்ல வருகிற சகோதரங்களே, இந்தக் கதையில் பாதி உங்களுக்குத் தெரியும். கடலில் வழிதவறினோம், அந்தோனியார் காப்பாற்றினார் என்று சொல்லியிருக்கிறேன். மற்றப் பாதியைச் சொல்ல எனக்குப் பயமாக இருந்தது. இன்றைக்கு அதையும் சொல்லிவிடப் போகிறேன். கேட்டுவிட்டு என்னை விசரன் என்று நினைத்தாலும் பரவாயில்லை.

நெஞ்சளவு தண்ணீரில் நின்றேன். மழை கண்ணைத் திறக்க விடவில்லை. என் தங்கச்சியின் புருஷன் அருள் என் முதுகில் கிடந்தான். திருக்கை மீன் குத்திய அவன் கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. முதலில் கத்தினான், பிறகு முனகினான், பிறகு அதுவும் இல்லை. எந்தப் பக்கம் கரை, எந்தப் பக்கம் ஆழம் என்று எனக்குத் தெரியாது. வீட்டில் என் தங்கச்சி றீற்றா வயிற்றில் பிள்ளையோடு இருந்தாள். அவளுக்கு நான் என்ன பதில் சொல்வேன் என்பதுதான் அப்போது என் தலைக்குள் ஓடியது. சாவைப் பற்றிக்கூட நினைக்க நேரமிருக்கவில்லை.

இது எண்பத்து நான்காம் ஆண்டு, சித்திரை மாதம். அப்போது நாங்கள் ஊர்காவற்றுறைத் தீவில் இருந்தோம். நான் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தும் கடல் தெரியாதவன். சங்கக்கடையில் மண்ணெண்ணெய் அளந்து சீவித்தேன். அருள் அப்படியில்லை, கடலிலேயே வளர்ந்தவன். எங்களுக்குப் பக்கத்து ஊர் சரவணையில் ஒரு கூட்டாளி இருந்தார், சிவராசா. தோட்டக்காரர், சைவம், வாய் கொஞ்சம் நீளம். எங்கள் மூவருக்கும் இருந்த ஒரே பைத்தியம் முயல் வேட்டை.

வேதக்காரர் நாங்கள் தவக்காலம் முழுக்க இறைச்சி தொடமாட்டோம். அதனால் பாஸ்காத் திருநாள் கழிந்த முதல் சனிக்கிழமை நாய்களையும் கூட்டிக்கொண்டு எங்கேயாவது நடந்து போய், ஓர் இரவு தங்கி, முயலோடு திரும்புவது எங்கள் வழக்கம். வருடம் முழுக்க அந்த இரண்டு நாளுக்காகக் காத்திருப்போம். முயல் கிடைப்பது குறைவு. பெண்டுகள் சிரிப்பார்கள். "மூண்டு ஆம்பிளையள், ரெண்டு நாய், ஒரு முயலுக்கும் வழியில்லை" என்று என் மனுசி எல்லாருக்கும் சொல்லித் திரிவாள்.

நாய்களில் ஒன்று என்னுடையது, டைகர். பெயர்தான் டைகர். இடி இடித்தால் கட்டிலுக்குக் கீழே போய்விடும். மற்றது சிவராசாவின் ரோசி. கபில நிறப் பெட்டை. குட்டியில் தொண்டையில் முள் சிக்கி, அதற்குப் பிறகு குரைத்தால் இருமுகிற மாதிரித்தான் கேட்கும். இரண்டு தரம் இருமும், கொஞ்சம் நிற்கும், பிறகு ஒருதரம் இருமும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் அது ரோசி என்று சொல்லலாம்.

அந்த முறை, சரவணைக் கரைக்கு எதிரே இருக்கிற ஆளில்லாத துருத்தி ஒன்றுக்கு, ஒரு சின்னத் திட்டுக்கு, போவது என்று முடிவெடுத்தோம். சித்திரையில் கடல் வற்றிக் கிடக்கும். முழங்காலளவு தண்ணீரில் நடந்தே போகலாம். வெளிக்கிடும்போது றீற்றா படலையடியில் நின்று என்னிடம் சொன்னாள்: "அண்ணை, இவர் கடலைக் கண்டால் வீட்டை மறந்துபோவார். நீங்கள்தான் கொண்டுவந்து விடவேணும்." நான் ஓம் என்றேன். அவ்வளவுதான். சத்தியம் ஒன்றும் பண்ணவில்லை. ஆனால் அந்த ஓம் எனக்குச் சத்தியத்தை விடப் பெரிதாய்ப் போய்விட்டது.

சனிக்கிழமை சந்தோசமாகத்தான் போனது. துருத்தியைச் சுற்றிச் சுற்றி நடந்தோம். வெயிலில் கல் சுட்டது, நாய்கள் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு எங்கள் நிழலுக்குள் நடந்தன. முயல் கிடைக்கவில்லை. அருள் பிடித்த ஓரா மீனைச் சுட்டுத் தின்றோம். ஞாயிறு பின்னேரம் வெயில் தணியத் திரும்பினோம். பாதிக் கடலில் வரும்போது மேற்கே கறுத்தது. சிவராசா நிமிர்ந்து பார்த்துவிட்டு, "கெதியாய் நடவுங்கோ" என்றார். அதற்குமேல் பேச நேரமில்லை. மழை வந்து எங்களை மூடிவிட்டது.

சித்திரை மழையை நீங்களும் கண்டிருப்பீர்கள். ஆனால் கடலுக்குள் நின்று கண்டிருக்கமாட்டீர்கள். முன்னால் நடந்த சிவராசாவின் முதுகே தெரியவில்லை. இடி இடித்ததும் ரோசி மிரண்டு ஓடியது. அருள் அதைப் பிடிக்கப் பாய்ந்தான். அந்தக் கடலில் காலைத் தூக்கி வைக்கக்கூடாது, சேற்றில் இழுத்து இழுத்துத்தான் நடக்கவேண்டும், திருக்கை புதைந்து கிடக்கும். அது சின்னப் பிள்ளைக்கும் தெரியும், அவனுக்கு எங்களை விட நன்றாகத் தெரியும். நாயைக் கண்ட பதற்றத்தில் ஓடினான். கணுக்காலில் குத்திவிட்டது. ரோசி மழைக்குள் மறைந்துவிட்டது.

அவனை முதுகில் தூக்கினேன். சிவராசா டைகரைத் தோளில் போட்டுக்கொண்டார். கொஞ்சத் தூரத்தில் கையில் தடி ஒன்று தட்டுப்பட்டது. களங்கண்டித் தடி. களங்கண்டி என்றால், கரைப் பக்கத்திலிருந்து ஆழத்தை நோக்கித் தடிகளை வரிசையாக நட்டு வலை கட்டியிருப்பார்கள். மீன் அந்த வலையை ஒட்டியே போய், முடிவில் இருக்கிற கூட்டுக்குள் அடைபடும். அருள் என் காதுக்குள் சொன்னான்: "தடியைப் பிடிச்சுக்கொண்டு போங்கோ மச்சான். கரைக்குப் போகும்."

அவன் சொன்னது சரி. ஆனால் தடி வரிசைக்கு இரண்டு முனை உண்டு. எங்கள் பக்கத்தில் சித்திரைப் பின்னேரக் காற்று எப்போதும் கரைக்குத்தான் அடிக்கும். அந்தக் காற்றை நம்பித்தான் ஆட்கள் கண்ணை மூடிக்கொண்டு வீடு திரும்புவார்கள். நாங்களும் அதை நம்பி முதுகைக் காற்றுக்குக் கொடுத்து நடந்தோம். மழையோடு காற்று திரும்பிவிட்டது என்று எங்களுக்கு உறைக்கவில்லை. தண்ணீர் முழங்காலிலிருந்து இடுப்புக்கு வந்தது. மழைத் தண்ணீர் ஏறுகிறது என்று நினைத்தோம். நெஞ்சுக்கு வந்தபோது சிவராசா, "நில்லும்" என்று சொல்லிவிட்டுத் தடவிக்கொண்டு முன்னால் போனார். வரக் கொஞ்ச நேரம் பிடித்தது. திரும்பி வந்தபோது அவருடைய குரல் மாறியிருந்தது.

"இது கூடு, சூசை. மீன் போற வழியால வந்திருக்கிறம்."

கூட்டிலிருந்து தடி வரிசைகள் மூன்று பக்கமாகப் பிரிந்தன. எதனால் வந்தோம் என்று பிடிபடவில்லை. ஒன்றைப் பிடித்துக்கொண்டு போனோம், தண்ணீர் கழுத்துக்கு வந்தது. திரும்பினோம். இருட்டிக்கொண்டு வந்தது. சிவராசாவின் பையில் டோர்ச் இருந்தது, பொலித்தீன் சுற்றி. அதை எடுக்க ஏலாது. கடலில் வெளிச்சம் தெரிந்தால் கடற்படையின் சூடு விழுகிற காலம் அது. கூப்பிட்டாலும் ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆட்கள் யாரும் கடலுக்கு இறங்கமாட்டார்கள். ஆண்டவருடைய நாளை அனுசரித்துக்கொண்டு எல்லாரும் வீட்டில் இருந்தார்கள்.

அருளைக் கூப்பிட்டேன். பேச்சில்லை. அவன் தலை என் தோளில் ஆடியது. அப்போதுதான் செபித்தேன். செபப் புத்தகத்தில் உள்ளது ஒன்றும் வாயில் வரவில்லை. "அந்தோனியாரே, காணாமல் போனதைத் தேடிக் கொடுக்கிறவரே, நாங்கள் காணாமல் போய்விட்டோம். றீற்றாவிடம் இவனைக் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். வேறு ஒன்றும் கேட்கவில்லை." இதையே திருப்பித் திருப்பிச் சொன்னேன். அழுதேன். பக்கத்தில் சிவராசா "வைரவா, வைரவா" என்றபடி நின்றார்.

அப்போது நாய் குரைத்தது.

எங்களுக்கு வலப்பக்கமாக, தடிகளே இல்லாத பக்கத்தில். இரண்டு தரம் இருமியது. கொஞ்சம் நின்றது. பிறகு ஒருதரம்.

எனக்கு உயிர் வந்தது. "உம்மட ரோசி. கரைக்குப் போயிட்டுது. அங்கை நிண்டு கூப்பிடுது" என்றேன். சிவராசா அசையவில்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "உமக்குக் காது கேக்கேல்லையோ? ரோசிதானே?"

"ஓம்" என்றார். "ரோசிதான்."

"பிறகென்ன, நடவுங்கோவன்."

தடியை விட்டுவிட்டு நடந்தோம். பிடிக்க ஒன்றுமில்லாத அந்தக் கடலில் குரலை மட்டும் பிடித்துக்கொண்டு நடந்தோம். நாங்கள் நின்றால் அது குரைத்தது. நடந்தால் பேசாமல் இருந்தது. எவ்வளவு நடந்தும் குரல் கிட்டவும் வரவில்லை, எட்டவும் போகவில்லை. அதை அப்போது நான் யோசிக்கவில்லை. என் கழுத்தில் அருளின் மூச்சு சுடுகிறதா என்று பார்ப்பதிலேயே என் கவனம் இருந்தது. சிவராசாவின் தோளில் கிடந்த டைகர் நடுங்கிக்கொண்டே வந்தது. ரோசியின் குரலைக் கேட்டால் துள்ளுகிற நாய், அன்றைக்கு வாயே திறக்கவில்லை. தண்ணீர் இடுப்புக்கு இறங்கியது. முழங்காலுக்கு வந்தது. காலில் கரையோரக் கண்டல் மரத்து வேர் தட்டியது. அதோடு குரல் நின்றுவிட்டது. கரையில் நாய் ஒன்றும் இல்லை.

சிவராசாவின் லான்ட்மாஸ்டர் உழவு மெசினில் போட்டு அருளை ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பல நாள் காய்ச்சலில் கிடந்தான். கால் தப்பியது, உயிர் தப்பியது. றீற்றா வந்தாள். என் கையைப் பிடித்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டு கனநேரம் இருந்தாள்.

மறுநாள் சிவராசா ஆசுப்பத்திரிக்கு வந்தார். கையெல்லாம் மண். என்னை வெளியே வேப்பமரத்தடிக்குக் கூட்டிப் போனார்.

"ரோசியைத் தாட்டுப்போட்டு வாறன்" என்றார்.

ஏன் புதைத்தார் என்று எனக்கு விளங்கவில்லை. களங்கண்டிக்காரர் காலையில் மீன் எடுக்கப் போன இடத்தில், கூட்டு வலைக்குள் கிடந்ததாம்.

"பாவம், எங்களைக் கரை சேர்த்துப்போட்டுத் திரும்பவும் கடலுக்க போயிருக்கு" என்றேன்.

"இல்லை சூசை. நான் கூட்டடிக்குப் போன உடனேயே அவளைக் கையால தொட்டனான். வலை கழுத்தைச் சுத்தியிருந்தது. விறைச்சுப்போய்க் கிடந்தாள். அருளுக்குக் கேட்டாப் பயப்பிடுவான் எண்டு உமக்கும் சொல்லேல்லை." கையிலிருந்த மண்ணைத் தட்டினார். "குரல் கேட்டது அதுக்குப் பிறகு."

"அப்ப வேற நாயாய் இருக்கும்" என்று சீறினேன்.

"இருமிக்கொண்டு குரைக்கிற நாய் ஊரில எத்தினை இருக்கு? நான் சோறு வைச்சு வளர்த்த பிள்ளை. அவளின்ரை குரல் எனக்குத் தெரியாதோ?"

பிறகு நாங்கள் வழக்கம்போலச் சண்டை பிடித்தோம். வைரவருக்கு நாய்தான் வாகனம், வந்தது அவர்தான் என்றார் சிவராசா. அந்தோனியாருக்கு நாய் பிடிக்காது என்று யார் சொன்னது என்று நான் கேட்டேன். கடைசியில் அவர் வந்து எங்கள் கோயிலில் மெழுகுதிரி கொளுத்தினார். நான் போய் அவருடைய வைரவர் சூலத்துக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். இதை எங்கள் பங்குச் சுவாமியிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "உதவி செய்தது ஆரெண்டு விசாரிக்கிறதை விட்டிட்டு நன்றி சொல்லு" என்றார். அபராதம்கூடத் தரவில்லை.

அதற்குப் பிறகு நான் வேட்டைக்குப் போகவில்லை. திருநாளுக்கு மட்டும் கோயிலுக்குப் போன ஆள், விடியற்பூசை தவறாமல் போகிறவன் ஆனேன். ஆனால் சகோதரங்களே, சாட்சி சொல்கிறவர்கள் எல்லாரும் மனம் நிறைந்தது, சமாதானம் வந்தது என்கிறார்கள். எனக்குச் சமாதானம் வரவில்லை. நன்றி வந்தது, அதோடு பயமும் வந்தது. பின்னேரத்தில் மழை இருட்டினால் எனக்கு அந்தக் குரல் கேட்கும். இரண்டு தரம், பிறகு ஒருதரம். கேட்டால் இருக்க ஏலாது. எழுந்து அருள் வீட்டுக்குப் போய், அவன் இருக்கிறானா என்று பார்த்துவிட்டு வருவேன். எட்டிப் பார்த்துவிட்டு, நெருப்புப்பெட்டி இருக்கோ, சீனி இருக்கோ என்று எதையாவது கேட்டு வாங்கிக்கொண்டு திரும்புவேன். "அண்ணைக்கு மழை வந்தால் ஒரு சாமான் முடிஞ்சிடும்" என்று றீற்றா பகிடி பண்ணுவாள். அருளிடம் ரோசியைப் பற்றி நாங்கள் சொன்னதேயில்லை. தனக்கு அன்றைக்கு நடந்தது ஒன்றும் நினைவில்லை என்றுதான் அவனும் சொல்லிவந்தான்.

பிறகு சண்டை வந்து தீவை விட்டு எல்லாரும் வெளிக்கிட்டோம். சிவராசா குடும்பத்தோடு வன்னிக்குப் போய்விட்டார். நானும் அருளும் இங்கே யாழ்ப்பாணத்தில் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் இருக்கிறோம். போன மாரியில் ஒரு பின்னேரம் மழை பிடித்தது. குரல் கேட்டது. சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வழக்கம்போல ஓடினேன்.

அருள் வாசலில் நின்றான். நான் கூப்பிட முதலே கதவைத் திறந்து வைத்திருந்தான். நொண்டிக்கொண்டு முன்னால் வந்தான். மழைக்குள் என் முகத்தைப் பார்த்தபடி கேட்டான்:

"உங்களுக்கும் கேட்டதோ, மச்சான்?"

நான் ஓம் என்றேன்.

"எனக்கு ஒவ்வொரு மழைக்கும் கேக்கிறது" என்றான். "நீங்கள் வந்து எட்டிப் பார்த்த பிறகுதான் நிக்கும்."

இரண்டு பேரும் அந்த ஈர வாசலிலேயே முழந்தாளிட்டோம். அன்றைக்குத்தான் அந்தக் கடலுக்காக நாங்கள் இருவரும் சேர்ந்து நன்றி சொன்னோம். எனக்குப் பயம் போகவில்லை. ஆனால் தனியாகப் பயப்படுவது போய்விட்டது.

இங்கே இருக்கிற உங்களில் எத்தனை பேர் வழி தெரியாமல் நிற்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். பிள்ளையைத் தொலைத்தவர்கள் இருக்கிறீர்கள், வீட்டைத் தொலைத்தவர்கள் இருக்கிறீர்கள். கேளுங்கள், ஆண்டவர் செவிகொடுப்பார். வருகிற உதவி உங்களுக்கு விளங்காததாக இருக்கலாம், பயப்படுத்துவதாகக்கூட இருக்கலாம். அது வரும்போது கையில் பிடித்திருக்கிற தடியை விட்டுவிட்டு நடவுங்கள். முதுகில் இருக்கிறவனை மட்டும் விட்டுவிடாதீர்கள்.