பச்சை நூல் தையல்

பொம்மிடி நிலையத்தில் வண்டி நிற்கிறது. எங்கள் கல்லூரிப் பெண்கள் ஹாக்கி அணி போட்டிக்குப் போகிறது. பயிற்சியாளர் இல்லாததால் தமிழ் விரிவுரையாளர் துணைக்கு வந்திருக்கிறார். புதிய சட்டை வாங்கக் கல்லூரியில் பணமில்லை. ஆகவே அணியில் இடம் இழந்த சாந்தாவின் சட்டையை நான் அணிந்திருக்கிறேன்.

தூக்குச்சட்டியுடன் ஓர் அம்மாள் சன்னல் சன்னலாகத் தேடி வருகிறார். என் தோளிலுள்ள பச்சை நூல் தையலைக் கண்டதும் நின்றுவிடுகிறார்.

"இது நான் தெச்சதுங்க. எம்பொண்ணு சாந்தா எங்கீங்க கண்ணு?"

"வரலைங்க. பரீட்சையில ஃபெயில். ஃபெயிலானவங்கள ஆட விடமாட்டாங்க."

அவர் முகம் வாடுகிறது.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலயே! அவளுக்குப் பதிலா நீயா? நல்லா ஆடுவியா?"

"நல்லாப் படிப்பேங்க."

"அதப் போயி பந்துகிட்ட சொல்லு."

தோழிகள் சிரிக்கிறார்கள். என்னால் தலைநிமிர முடியவில்லை.

"புள்ள அங்க ஒண்டியா அழுதுக்கிட்டு இருக்கும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அவர் எதிர்நடைமேடைக்குப் போகிறார். எங்கள் கல்லூரி இருக்கும் ஊருக்குச் செல்லும் வண்டி அங்கேதான் வரும்.

எங்கள் வண்டி நகர்கிறது. தூக்குச்சட்டியை இடுப்பில் இடுக்கியபடி அவர் நிற்பது தெரிகிறது. தோளிலுள்ள தையலை உள்ளங்கையால் மூடிக்கொள்கிறேன்.